யார் உடைத்த பூசணி?

எங்கள் மருந்துக்கடையின் வாசல்படிக் கல் கொஞ்சம் ஆடும். வருகிறவர்கள் எல்லாரும் அந்த ஆட்டத்தோடு ஆட்டமாக உள்ளே வந்து, தலைவலி மாத்திரையை வாங்கிக்கொண்டு, அதே ஆட்டத்தோடு இறங்கிப் போய்விடுவார்கள். பின்சந்தில் குடியிருந்த மதாம் மட்டும் அப்படி வரமாட்டார். படியிலேயே நின்று இன்னொரு தரம் காலால் அழுத்தி ஆட்டிப் பார்ப்பார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என் முதலாளியைப் பார்த்து, "முசே, இதுல யாராவது வுழுந்தா ரெஸ்போன்சாப்ல் யாரு?" என்று கேட்பார்.

முசே என்றால் ஐயா, ரெஸ்போன்சாப்ல் என்றால் பொறுப்பாளி. மதாம் வாயில் அந்த வார்த்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை வரும் என்று யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, வைத்திருந்தால் பயந்துபோயிருப்போம். முதலாளி நாலைந்து தரம் சிரித்து மழுப்பினார். ஒருநாள் எரிச்சலில், "எல்லாத்துக்கும் ஆண்டவன்தான் மதாம் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார்.

மதாம் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த கடை லைசன்ஸை நிதானமாகப் படித்தார். "இதுல அவரு பேரு இல்லியே, முசே. உங்க பேருதான் இருக்கு" என்றார்.

அந்த வாரமே கொத்தனார் வந்தார். கல் அசையாமல் உட்கார்ந்துவிட்டது. ஆனாலும் மதாம் வரும்போதெல்லாம் ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார். கொத்தனார் மேல் நம்பிக்கை இல்லையா, முதலாளி மேல் நம்பிக்கை இல்லையா என்று நான் கேட்டதில்லை.

உழவர்கரைப் பக்கம் எங்கள் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், பச்சைக் கேட் போட்ட வீடு அவருடையது. வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். கல்யாணமான கையோடு மதாமும் பிரான்சுக்குப் போய், வாழ்க்கையின் பெரும்பகுதியை அங்கே கழித்துவிட்டு, அவர் காலமான பிறகு தனியாக இங்கே திரும்பி வந்திருந்தார். ஒல்லியாக, உயரமாக இருப்பார். சேலை கட்டி, அதற்குக் கீழே வெள்ளை நிறத்தில் பெரிய ஓட்டப்பந்தய ஷூ போட்டிருப்பார். செருப்பு வழுக்குமாம். மருந்துச்சீட்டில் பார்த்துப் பார்த்து அவர் பெயர் எனக்கு மனப்பாடம். இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "என் பேரைப் போட யாரைக் கேட்டே?" என்று பிரான்சிலிருந்து போன் வரும். இப்போது மகள் வீட்டோடு அங்கேதான் இருக்கிறார்.

எதிர்ப்பக்கத்து செல்போன் கடைப் பையன்கள் அவருக்கு 'ஐ.எஸ்.ஐ. மதாம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முத்திரை இல்லாத எதையும் அவர் கண்ணெதிரே விற்க முடியாது. பரோட்டாக் கடைக்காரர் அடுப்புக்குப் பக்கத்திலேயே கேஸ் சிலிண்டரை வைத்திருந்தார். மதாம் கடைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, சாப்பிட உட்கார்ந்தவர்களிடம் ஒவ்வொருவராக, "நீங்க எந்தப் பக்கமா ஓடுவீங்க?" என்று விசாரித்தார். கேள்வியில் கோபமே கிடையாது, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம். இரண்டு பேர் பார்சல் வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். சிலிண்டர் அன்றைக்கே பின்பக்கம் போனது.

அவரோடு டெம்போவில் போவது இன்னும் சிரமம். ஒரு முறை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் அவரும் போனோம். உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் கம்பி ஒன்று உடைந்து, கூர்மையாக நீட்டிக்கொண்டிருந்தது. ஏறின எல்லாரும் அதைப் பார்த்து, முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மதாம் டிரைவர் தோளைத் தட்டினார்.

"தம்பி, இது நொர்மால் இல்ல."

"இன்னா மதாம் இல்ல?"

"இந்தக் கம்பி. யாருக்காவது குத்துனா?"

"இவ்ளோ நாளா யாருக்கும் குத்தலியே."

"குத்துன பிறகு யாரு உன்கிட்ட வந்து சொல்றது? எறங்கிப் போயிருப்பாங்க."

பதில் கிடைக்காதவர்கள் செய்வதைத்தான் டிரைவரும் செய்தார், பாட்டுச் சத்தத்தை ஏற்றிவிட்டார். மதாம் கைப்பையிலிருந்து ஒரு பழைய சாக்ஸை எடுத்துக் கம்பிக்கு மாட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரும்வரை அதைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. பின்சீட்டில் இருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, "ஒங்க மாமியாரா?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் அவரை ஊருக்கு மட்டும் உபதேசம் செய்கிறவர் என்று நினைத்துவிடக்கூடும். அப்படி இல்லை. ஒரு நாள் எங்கள் கடைக்கு மேல்மாடியில் பெயின்ட் அடிக்கிறவர் ஏணியில் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். ஏணியின் கீழ்ப்பக்கத்தை யாரும் பிடிக்கவில்லை. தெருமுனையிலிருந்தே அதைப் பார்த்துவிட்ட மதாம், ஜாக்கிரதை என்பதைப் பிரெஞ்சில் "அத்தோன்சியோன்!" என்று போட்ட சத்தத்தில் ஏணி அசையவில்லை, பெயின்டர்தான் அசைந்துபோனார். கையிலிருந்த டப்பா நழுவி, காற்று வாங்க வாசலில் நின்றுகொண்டிருந்த என் முதலாளி மேல் கொட்டியது. வெள்ளைச் சட்டை அரைப்பச்சை ஆனது.

முதலாளி பெயின்டரைத் திட்ட வாயைத் திறப்பதற்குள் மதாம் ஓடிவந்து குறுக்கே நின்றார். "அவரு ஒண்ணும் பண்ணல. நான்தான் கத்தினேன். நான்தான் ரெஸ்போன்சாப்ல்" என்றார். அப்போது அவர் நின்ற நிலையைப் பார்க்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் பிரம்படிக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. மறுநாள் ஒரு புதுச்சட்டை வந்தது. வீட்டுக்காரருக்கென்று பிரான்சில் வாங்கிப் பிரிக்காமலே வைத்திருந்ததாம். அந்த மனிதர் நல்ல ஆகிருதி போலிருக்கிறது, முதலாளி இரண்டு பேர் அதற்குள் போகலாம். அப்படியும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் போட்டுக்கொண்டு வருவார்.

எங்கே கற்றுக்கொண்டார் இதையெல்லாம் என்று ஒரு முறை கேட்டேன். இருமல் மருந்துக்குக் காத்துக்கொண்டிருந்த நேரம். அங்கே அவர் ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலையில் இருந்தாராம். ஒருநாள், வேறு யாரோ துடைத்து, ஈரம் என்று பலகை வைக்காமல் விட்டுப்போன தரையில் வழுக்கி விழுந்துவிட்டார்.

"நான் வுழுந்ததும் மொதல்ல என்ன செஞ்சேன் தெரியுமா? யாராவது பாத்துட்டாங்களான்னு பாத்தேன். வெக்கம். உக்காந்த மேனிக்கே பாவாடையைத் தட்டிட்டு, ஒண்ணும் இல்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். இடுப்பு ஒடைஞ்சு போச்சு, ஒண்ணும் இல்லன்னு சொல்றேன். அடுத்த நாள் பெரிய அதிகாரி கட்டிலுக்கிட்ட வந்து, தொப்பியக் கழட்டிட்டு, பார்தோன் மதாம், இது எங்க தப்புன்னு சொன்னாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு. அதுவரைக்கும் நான் எங்க வுழுந்தாலும் எல்லாரும் என்னைத்தான் திட்டியிருக்காங்க. எங்க அம்மா, எங்க ஸ்கூல் சிஸ்டருங்க, என் வீட்டுக்காரரு, எல்லாரும்."

அவர் சொன்னது சரிதான். நம் ஊரில் ஒருவர் விழுந்தால் நாம் முதலில் கேட்பது, "பாத்து வரக்கூடாதா?" என்றுதான். ரத்தம் ஒழுக எங்கள் கடைக்கு வருகிறவர்களுக்குப் பஞ்சு வைத்துத் துடைத்துக்கொண்டே நானும் அதைத்தான் கேட்பேன். அதில் பாசமும் இருக்கிறது, பழியும் இருக்கிறது. மதாம் அதை ஒருபோதும் கேட்டதில்லை. விழுந்தவரை விட்டுவிட்டு, விழுந்த இடத்தைப் போய்ப் பார்ப்பார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை நல்ல அமர்க்களமாக நடந்தது. பூசணிக்காயில் ஓட்டை போட்டு, குங்குமமும் சில்லறையும் உள்ளே போட்டு, மேலே சூடம் ஏற்றி, கடையைச் சுற்றிக் காட்டி நடுத்தெருவில் போட்டு உடைப்பது எங்கள் தெருவில் எல்லாக் கடைகளிலும் நடப்பதுதான். கடைக்கு வந்த கண்திருஷ்டி எல்லாம் தெருவுக்குப் போய்விடுகிறது. தெருவில் போகிறவர்கள் யாருடைய திருஷ்டியையோ மிதித்து வழுக்குகிறார்கள். என் முதலாளி மட்டும் மதாமுக்குப் பயந்துகொண்டு, ஓரமாக உடைத்து, கையோடு வாரிக் குப்பையில் கொட்டிவிடுவார். நான் அன்று பூஜை முடிவதற்கு முன்பே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். யார் எங்கே உடைத்தார்கள் என்று பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கடையைத் திறந்துகொண்டிருக்கும்போது செல்வி விழுந்தாள்.

செல்வி கடற்கரைக் கிராமத்திலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவந்து எங்கள் பக்கம் விற்கிறவள். பின்னால் ஐஸ் பெட்டி கட்டியிருக்கும். எங்கள் பக்கத்து ஸ்வீட் கடைக்கு எதிரே பூசணிச் சிதறலில் முன்சக்கரம் வழுக்கி, வண்டி சறுக்கிக்கொண்டே போய், நடைபாதையில் வைத்திருந்த ஸ்வீட் கடைக் கண்ணாடிப் பெட்டியில் மோதி நின்றது. கண்ணாடி நொறுங்கிவிட்டது. லட்டுக்கும் சங்கரா மீனுக்கும் நடுவில் செல்வி இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் கூடியது. "பாத்து வரக்கூடாதா?" என்று ஒருவர். "பொம்பளைங்க வண்டி ஓட்டுனா இப்டித்தான்" என்று ஒருவர். "திருஷ்டிப் பூசணிய மிதிச்சுட்டியே, அது உன்னைப் புடிச்சுக்குமே. போய்த் தலைக்குத் தண்ணி ஊத்திக்க" என்று ஒரு அம்மா. ஸ்வீட் கடைக்காரர் வந்தார். கண்ணாடியைப் பார்த்தார், வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "கண்ணாடிக்கு ஒரு வழி பண்ணிட்டு வண்டிய எடுத்துட்டுப் போ" என்று சொல்லி, வண்டியைத் தன் கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நான் கட்டுப்போட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏற்றிவிட்டேன். மணிக்கட்டு எலும்பு உடைந்திருந்தது.

சில நாள் கழித்து மாவுக்கட்டோடு மாத்திரை வாங்க வந்தாள். மதாமும் கடையில் இருந்தார். விழுந்ததைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வண்டி எங்கே என்றார்.

"அவருகிட்டதான் இருக்குது. வுடுங்க மதாம். எனக்கு அந்த வண்டி இனிமே எதுக்கு?" என்றாள் செல்வி. "எங்க வூட்டுக்காரரு வண்டியத் தொடக்கூடாதுன்னுட்டாரு. ஓட்டத் தெரியாதவ ஊரு வம்ப வாங்கியாந்துட்டன்னு திட்டறாரு. கை சரியாச்சுன்னா தலையில தூக்கிட்டுப் போன்னு சொல்றாரு. பஸ்ஸுல மீன் கூடைய ஏத்த மாட்டேன்றாங்க. நடந்து எவ்ளோ தூரம் விக்கறது?"

"நீ எப்பவாவது முன்னாடி வுழுந்திருக்கியா?"

"ஒரு தபாகூட இல்ல மதாம். மழையில கூட ஓட்டியாந்திருக்கேன்." அந்த வண்டியைக் கற்றுக்கொள்ள அவள் கடற்கரை மணலில் பட்ட பாட்டை எல்லாம் முன்பு என்னிடம் கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். கை உடைந்ததைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாகப் போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது.

மதாம் எங்கள் இரண்டு பேரையும் கோர்ட்டில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். வக்கீலம்மா ஒருத்தர் இருந்தார். பெண்களுக்கு இங்கே காசு வாங்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள் என்றார். செல்வி அதை நம்பாமல் என்னைப் பார்த்தாள். வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"உங்க வண்டிய புடிச்சு வெச்சுக்க அவருக்கு எந்த உரிமையும் கெடையாது. கண்ணாடி நஷ்டம்னா அவரு கோர்ட்டுக்குத்தான் போகணும். போலீஸ்ல சொன்னா வண்டிய வாங்கிக் குடுத்துடுவாங்க. அப்புறம், ரோட்டுல வழுக்கற மாதிரி ஒண்ணப் போட்டு அடிபட்டா, போட்டவங்கதான் பதில் சொல்லணும். ஆனா இந்தப் பூசணிய ஒடைச்சது யாருன்னு சொல்ல ஒரு ஆளு வேணும். இருக்காங்களா?"

"போலீஸுலாம் வேணாம்மா. அந்தத் தெருவுலதான் என் பொழப்பு" என்றாள் செல்வி. "வண்டி வந்தாலும் எங்க வூட்டுக்காரரு என்னை ஓட்ட வுட மாட்டாரு. தப்பு எம்மேலதான்னு ஊரே சொல்லுதே."

வெளியே வந்ததும் மதாம், "அப்ப நாம ஊரைக் கேப்போம்" என்றார்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தார். செல்வி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கடை கடையாக ஏறி ஒரே கேள்வி, "ஸ்வீட் கடைக்கு முன்னாடி பூசணி ஒடைச்சது யாரு?" செல்போன் கடைக்காரர், தாங்கள் எலுமிச்சம்பழம்தான் சுற்றிப் போட்டதாகச் சொன்னார். ஃபேன்சி ஸ்டோர் அம்மாவுக்கு அன்று தலைவலி, எதையும் பார்க்கவில்லை. பரோட்டாக் கடைக்காரர் மதாமைப் பார்த்ததுமே சிலிண்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் போன வருஷம்தான் ஒடைச்சேன்" என்றார். என் முதலாளியையும் விடவில்லை. அவர் பக்கத்துக் கடைக்காரரைப் பகைத்துக்கொள்ள மனமில்லாமல், "நான் சூடத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன் மதாம்" என்றார். மொத்தத்தில் அந்த வருஷம் எங்கள் தெருவுக்குப் பூசணிக்காயே வரவில்லை.

கடைசியாக ஸ்வீட் கடை. கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தெருவில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"முசே, இங்க பூசணி ஒடைச்சது நீங்களா?"

"நாங்களா? எங்க கடையில பூசணி ஒடைக்கற பழக்கமே இல்ல மதாம்."

"ஒடைக்கவே இல்லியா?"

"இல்ல."

"ஓ. பார்தோன்" என்று சொல்லி மதாம் திரும்பினார். வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், ஏதோ மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி, "இவங்க கடைக்கு இந்த வருஷம் திருஷ்டி கழிக்கலியாம்" என்றார்.

பூக்கார அம்மா கட்டுவதை நிறுத்திவிட்டார். "அய்யய்யோ, கழிக்கலியா? இவ்ளோ பெரிய யாவாரத்த வெச்சுக்கிட்டா?"

கடைக்குள்ளிருந்து ஸ்வீட் கடைக்காரரின் வீட்டம்மா வெளியே வந்தார். கையில் ஜாங்கிரி எடுக்கிற இடுக்கி.

"யாரு சொன்னது எங்க கடைக்குத் திருஷ்டி கழிக்கலன்னு? வெளக்கு வெக்கற நேரத்துல இப்டி ஒரு வார்த்தையச் சொல்லலாமா? பெரிய மார்க்கெட்டுல தேடிப் புடிச்சு நானே வாங்கியாந்த பூசணி. இந்தத் தெருவுலயே அவ்ளோ பெருசு எவளும் வாங்கல. மூணு சுத்து சுத்தி, தோ, இந்த எடத்துலதான் போட்டு ஒடைச்சாரு." இடுக்கியால் இடத்தைக் காட்டினார். தார்ரோட்டில் குங்குமக் கறை இன்னும் லேசாக இருந்தது. "நீங்களே சொல்லுங்களேங்க. ஏன் பேசாம நிக்கறீங்க?"

கடைக்காரர் முகம் ஜாங்கிரிப் பாகில் விழுந்த ஈ மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் போதும், எங்கள் தெருவுக்கு ஞாபகசக்தி தானாக வந்துவிடும். "ஆமா, அது பெருசுதான்" என்றார் செல்போன் கடைக்காரர். "செதறுனது எங்க கடை வரைக்கும் வந்துச்சே" என்றார் தலைவலிக்கார அம்மா. என் முதலாளியும் பின்னாலிருந்து, "நானும் பாத்தேன், நல்ல காய்" என்றார்.

மதாம் வேண்டுமென்றே அப்படிச் சொன்னாரா, நிஜமாகவே கடைக்காரர் சொன்னதை நம்பிப் பூக்கார அம்மாவிடம் செய்தி சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் இரண்டுக்கும் ஒரே முகத்தைத்தான் காட்டுவார்.

கடைக்காரர் கல்லாவிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "சரி, எடுத்துக்கச் சொல்லுங்க மதாம். கண்ணாடிய நான் பாத்துக்கறேன்."

மதாம் வாங்கவில்லை. செல்வியையும் வாங்கவிடவில்லை. "சாவி சரி, முசே. ரெஸ்போன்சாப்ல் யாரு?"

"அதான் சாவியக் குடுத்துட்டேனே."

மதாம் அங்கேயே நின்றார். அவர் நிற்க ஆரம்பித்தால் எதிரே இருக்கிறவருக்குக் கால் வலிக்கும். கடைசியில் வீட்டம்மாதான், "நம்ப பூசணிதானே, சொல்லித்தான் தொலைங்களேன்" என்றார். பூசணி பெருசு என்று ஊர் ஒத்துக்கொண்டதில் அவர் கொஞ்சம் குளிர்ந்திருந்தார்.

கடைக்காரர் செல்வியின் கட்டைப் பார்த்தார். அதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். குரல் இறங்கிவிட்டது. "எங்க மேலதாம்மா தப்பு. ஒடைச்சுட்டு வாரிக் கொட்டியிருக்கணும். ஒம்மேல ஒண்ணும் இல்ல."

செல்வி நல்ல கையால் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"சார், இத இன்னொரு தபா சொல்றீங்களா? எங்க வூட்டுக்காரரு காதுல வுழட்டும்."

அவரே போனை வாங்கிக்கொண்டார். மறுமுனைச் சத்தம் எங்களுக்கும் கேட்டது. காற்று இரைச்சல், வலையைத் தட்டுகிற சத்தம், யாரு, யாரு என்று ஒரு குரல்.

"நான் ஸ்வீட் கடை பேசறேங்க. ஒங்க வீட்டம்மா மேல தப்பு இல்லீங்க. ரோட்டுல பூசணி ஒடைச்சது நாங்க. அவங்க வண்டிய நல்லாத்தான் ஓட்டியாந்தாங்க. யாரு வந்திருந்தாலும் வுழுந்திருப்பாங்க."

"சரிங்க சார். வண்டிக்கு ஏதும் அடி கிடி இருக்குதா?" என்றது குரல்.

செல்வி போனைப் பிடுங்கினாள். "வண்டி நல்லாத்தான் இருக்குது. கை எப்டி இருக்குதுன்னு கேளுய்யா மொதல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். செல்வியும் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வைத்தியச் செலவைப் பற்றி மறுநாள் பேசிக்கொள்வதாகக் கடைக்காரர் தானாகவே சொன்னார். வீட்டம்மா எல்லாருக்கும் ஆளுக்கொரு ஜாங்கிரி கொடுத்தார்.

நான் மதாமை எங்கள் கடைக்கு அழைத்துவந்து ஸ்டூலில் உட்காரவைத்தேன். ஜெயித்துவிட்டு வந்திருக்கிறாரே, இனிமேல் இந்தத் தெரு தாங்காது என்று கிண்டலாக ஏதோ சொல்லிக்கொண்டே ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். டம்ளர் அவர் கையில் நிற்கவில்லை. தண்ணீர் சேலையில் தளும்பிக் கொட்டியது. இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"என்ன மதாம், சுகர் எறங்கிடுச்சா?"

"இல்ல. பயம்."

"இப்ப என்ன பயம்? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுடுச்சே."

"கேக்கறதுக்கு முன்னாடியே வந்துடும். முடிஞ்ச பிறகுதான் கையில தெரியும்."

"இன்னைக்கா?"

"எப்பவும்" என்றார் மதாம். "யாரைக் கேட்டாலும்."

எனக்கு அழுகை வந்தது. டம்ளரின் அடியில் என் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் மெதுவாகத் தண்ணீர் முழுவதையும் குடித்தார்.